சாட்சிக்குத் துணை யார்?

ஈரோட்டிலிருந்து சேலத்துக்கு ரயிலில் செல்லும் நேயர்கள் சங்ககிரி மலையைப் பார்த்திருப்பார்கள். சங்கின் வடிவம் கொண்டதனால் அம்மலைக்கு அப்பெயர் வந்தது என்பர். ஸ்டேஷனுக்கு இன்னும் 'சங்ககிரி துர்க்கம்' என்றே பெயர். மலைச் சரிவில் மதிலுக்கு மேல் மதிலாக ஏறிச் செல்லும் கோட்டையில் கோயிலும் உண்டு, மசூதியும் உண்டு. கட்டியவர்கள் போய், காத்தவர்கள் போய், கடைசியில் கும்பெனியாரும் போய்விட்டார்கள். வெயிலும் குரங்குகளும் மட்டும் மிச்சம்.

தீரன் சின்னமலையை வெள்ளைக்காரர்கள் 1805-ம் ஆண்டு ஜூலை 31-ம் தேதி தூக்கிலிட்ட இடம் இதுதான். ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டி இங்கே மாலை மரியாதைகள் நடைபெறுகின்றன. அந்த வீரருக்குத் துணையாக நின்றவர்களில் அருந்ததியர் குலத்துப் பொல்லானின் பெயரை இவ்வட்டாரத்தார் இன்றும் சொல்லுகிறார்கள். சின்னமலையோ மைசூர்த் திப்பு சுல்தானுக்குத் துணையாகப் போர் புரிந்தவர். கும்பெனியாரை எதிர்த்து நின்ற நாளில் பக்கத்தில் நிற்பவன் என்ன ஜாதி, என்ன மதம் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

இதை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. அதே வீரரின் பெயரைத் தாங்கிய ஒரு ஜாதிச் சங்கத்தின் தலைவர், கொலைக் குற்றவாளி என்று 2022-ம் ஆண்டு மதுரை விசேஷக் கோர்ட்டில் தீர்ப்பளிக்கப்பட்டார். கொலையுண்டவர் கோகுல்ராஜ் என்ற இளைஞர். அவர் சேலம் ஜில்லா ஓமலூரைச் சேர்ந்தவர், என்ஜினீயரிங் படித்துப் பட்டம் பெற்றவர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர். அவர் செய்த குற்றம், தம்முடன் கல்லூரியில் படித்த வேறு ஜாதிப் பெண் ஒருவருடன் கோயிலில் பேசிக்கொண்டிருந்தது.

அந்தக் கோயில் சங்ககிரியிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்திலுள்ள திருச்செங்கோட்டு மலைக் கோயில். பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நின்று அருள் பாலிக்கும் அர்த்தநாரீசுவரரின் சந்நிதி. அந்த மூர்த்தி குடிகொண்ட மலையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பேசியது பொறுக்கவில்லை சிலருக்கு! 2015-ம் ஆண்டு ஜூன் 23-ம் தேதி அங்கே அவரைப் பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையத்துக்கு அருகில் ரயில் பாதையில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். தாமாகவே ரயிலில் விழுந்து இறந்தார் என்று உலகம் நம்பும்படி ஏற்பாடுகள் செய்யப்பட்டிருந்தன. தற்கொலைக் கடிதம் கூட இருந்தது.

விதவைத் தாயாரும் ஓர் அண்ணனும் கொண்ட எளிய குடும்பம். எதிரே நின்றதோ ஒரு சங்கம். ஆள் பலம் உள்ள சங்கம். வாகனங்களும் வக்கீல்களும் உள்ள சங்கம். வெளியே வந்து மாலை போட்டுக் கொண்டாடுவதற்குக் கூட்டம் உள்ள சங்கம். 'சங்கம்' என்றதும் நமக்கெல்லாம் நல்ல காரியந்தான் ஞாபகத்துக்கு வருகிறது: வாசகசாலை, கதர், மதுவிலக்கு, இலவச வைத்தியம். தமிழ்நாட்டில் 1975-ம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் ஆரம்பித்துவிடலாம். அந்த ஏழு பேரும் சேர்ந்து கிணறு வெட்டுகிறார்களா, குழி பறிக்கிறார்களா என்பதைப் பதிவாளரின் முத்திரை பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகையால், சிறுபான்மையோரின் உரிமைகளைப் பொதுஜன ஸ்தாபனங்கள் எவ்வாறு காக்கலாம் என்று கேட்பவர்கள், அதே ஜாதியைச் சேர்ந்த வேறு ஸ்தாபனங்கள் அவ்வுரிமைகளை எவ்வாறு பறிக்கின்றன என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே தெருவில் பலகை மாட்டிக்கொண்டிருக்கின்றன.

'சிறுபான்மையோர்' என்று நாம் சொல்வது யாரை? அரசியல் சட்டத்தின் 29, 30-ம் ஷரத்துக்கள் மதத்தாலும் மொழியாலும் சிறுபான்மையானவர்களைப் பற்றிப் பேசுகின்றன. ஆனால் அச்சட்டம் உருவாகிக்கொண்டிருந்தபோதே, 1947-ல், டாக்டர் அம்பேத்கார் 'ராஜ்யங்களும் சிறுபான்மையோரும்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு மகஜர் தயாரித்தார். தாழ்த்தப்பட்டவர்களும் சிறுபான்மையோரே, மற்றச் சிறுபான்மையோரைவிட அதிகப் பாதுகாப்புத் தேவைப்படுபவர்கள் என்பது அவர் வாதம். அந்த மகஜரை அவர் தனி மனிதராகச் சமர்ப்பிக்கவில்லை. அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் சம்மேளனம் என்ற ஸ்தாபனத்தின் சார்பில் சமர்ப்பித்தார் என்பது கவனிக்கத் தக்கது. டில்லியில் எண்ணினால் கோடிக்கணக்கான ஜனங்கள். ஆனால் ஒரு கிராமத்தில் போய் எண்ணிப் பாருங்கள். முந்நூறு வீடுகளுக்கு நடுவே முப்பது வீடுகள். அந்த முந்நூறு வீட்டாரின் நிலத்தில் கூலி வேலை. அவர்கள் கடையில் கடன். அவர்கள் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். இதைவிடச் சிறுபான்மை வேறு எங்கே இருக்கிறது?

கோகுல்ராஜ் வழக்குக்கு வருவோம். அவ்வழக்கில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

ஆரம்பத்தில் இது வெறும் மர்ம மரணமாகத்தான் ஏட்டில் ஏறியது. உடலை வாங்க மாட்டோம், டாக்டர்கள் முறையாகப் பரிசோதனை செய்யவேண்டும் என்று குடும்பத்தார் சொன்னார்கள். தனியாகச் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? தாழ்த்தப்பட்டோர் இயக்கங்களும், இடதுசாரிக் கட்சிகளும், மனித உரிமை ஊழியர்களும் சேலம் ஆஸ்பத்திரி வாசலில் கூடிய பிறகே அது உலகத்தின் காதில் விழுந்தது. வழக்கு கொலை வழக்காயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தது. விசாரித்துக்கொண்டிருந்த திருச்செங்கோட்டுப் பெண் டி.எஸ்.பி. அதே ஆண்டு செப்டம்பரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீஸார் கைக்குச் சென்றது. நாமக்கல் கோர்ட்டில் விசாரணை ஆரம்பமாயிற்று.

அப்புறம் நடந்தது நம் நாட்டுக் கோர்ட்டுகளை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். முதலில் சொன்னதைப் பின்னர் சொல்லவில்லை. கண்டவர் காணவில்லை என்றார். கேட்டவர் கேட்கவில்லை என்றார். அன்று கோயிலில் உடன் இருந்த பெண்ணே மாறிப் பேசினார். பின்னர் ஹைக்கோர்ட்டில், கோயில் காமிராவில் பதிந்திருந்த படத்தைக் காட்டி நீதிபதிகள் கேட்டபோது, அதில் இருப்பது தாம் அல்ல என்று சொல்லிவிட்டார். நீதிபதிகள் கோபங்கொண்டு கோர்ட்டை அவமதித்த குற்றத்துக்காக நடவடிக்கை ஆரம்பித்தார்கள்.

அந்தப் பெண்ணைத் திட்டுவது மிகவும் சுலபம். பத்திரிகைகளில் பலர் திட்டியும் விட்டார்கள். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது குற்றமே; அதற்கு நாம் சமாதானம் சொல்ல வரவில்லை. ஆனால் நம் வீட்டில் இருபது வயதுப் பெண் ஒருத்தி இருந்து, அவள் கண் முன்னால் இப்படி ஒரு காரியம் நடந்திருந்தால், அவளைக் கோர்ட்டுக்கு அனுப்பியிருப்போமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுவோம். "நமக்கு ஏனம்மா வம்பு? கண்ணால் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் குரல் நம் வீட்டு அடுக்களையிலிருந்துதான் கேட்டிருக்கும். அடுத்த குரல் மாமன் வீட்டிலிருந்து. அதற்கடுத்தது ஊர்ப் பெரியவர்களிடமிருந்து. எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து பயமுறுத்துவதற்கு முன்பே பாதிச் சாட்சி செத்துப் போயிருக்கும்.

சட்டம் சாட்சியைக் கூப்பிடுகிறது. ஆனால் சம்மன் கொண்டு வந்த சேவகர் போன பிறகு, விசாரணை நாள் வரை அந்தச் சாட்சியோடு இருப்பவர் யார்? கூடவே பஸ் ஏறி வருபவர் யார்? வாய்தா மேல் வாய்தா போட்ட பிறகும் அடுத்த தடவை ஞாபகப்படுத்தி அழைத்துச் செல்பவர் யார்? ஒரு ஜில்லாக் கோர்ட்டின் தாழ்வாரத்தில் நாம் ஒரு முறை கண்ட காட்சி மறக்கவில்லை. கூலி வேலை செய்யும் ஒரு மூதாட்டி, புடவைத் தலைப்பில் சம்மனை முடிந்துகொண்டு, காலையிலிருந்து மாலை வரை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரிகளும் அதே தாழ்வாரத்தில், அதே பெஞ்சியில், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தவனும் அவர்களில் ஒருவன்தான்! "எத்தனையாவது தடவை, பாட்டி?" என்று கேட்டோம். விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்து, ஒரு கை போதாமல் மறு கைக்குப் போனாள்.

கோகுல்ராஜின் தாயார் மட்டும் பிறழவில்லை. நாமக்கல்லில் நியாயமான விசாரணை நடக்காது என்று அவர் ஹைக்கோர்ட்டில் முறையிட்டார். 2019-ல் வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. தம் கட்சியை நம்பிக்கையோடு நடத்தக்கூடிய சர்க்கார் வக்கீல் வேண்டும் என்றும் போராடினார். பவானி பா. மோகன் விசேஷ வக்கீலாக நியமிக்கப்பட்டார். பெயரிலேயே ஊர் இருக்கிறது; சங்ககிரிக்குப் பக்கத்துப் பவானிதான். ஓமலூரிலிருந்து மதுரைக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். வாய்தாவுக்கு வாய்தா அவ்வளவு தூரம் போய் வருவதற்கு மனத்தில் உறுதி மட்டும் இருந்தால் போதாது. மடியில் பணமும், பக்கத்தில் மனிதரும் வேண்டும். அதைச் செய்தவர்கள் இருந்தார்கள். சிலர் கட்சிக்காரர்கள், சிலர் இளம் வக்கீல்கள், சிலர் ஒரு சங்கத்தின் சீட்டும் இல்லாத வெறும் மனிதர்கள்.

2022 மார்ச்சு மாதம் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. ஐந்து பேர் விடுதலையானார்கள். முதல் எதிரிக்கு ஆயுள் முடியும் வரை சிறை. மேல் விசாரணையில் ஹைக்கோர்ட்டு நீதிபதிகள் எம். எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் தாங்களே திருச்செங்கோட்டு மலைக் கோயிலுக்கு வந்து, காமிராக்கள் இருந்த இடங்களையும் வாசல்களையும் நேரில் பார்த்துப் போனார்கள். ஜூன் 2-ம் தேதி முதல் எதிரியின் தண்டனையை உறுதி செய்தார்கள். மனிதச் சாட்சிகள் வாய் மூடிய இடத்தில் கோயில் காமிரா பேசிற்று. யந்திரத்துக்கு மாமன் மைத்துனன் கிடையாது. யாரும் போய்ப் பயமுறுத்தவும் முடியாது. ஆனால் எல்லா அக்கிரமங்களும் காமிராவுக்கு எதிரே நடப்பதில்லையே!

இந்தக் கொலை நடந்த ஆண்டின் கடைசியில் பார்லிமெண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. மூலச் சட்டம் 1989-ல் நிறைவேறியது. திருத்தம் 2016 ஜனவரி 26-ம் தேதி, குடியரசு தினத்தன்று, அமுலுக்கு வந்தது. அதில் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளுக்கென்றும் சாட்சிகளின் உரிமைகளுக்கென்றும் ஒரு தனி அத்தியாயம் சேர்த்திருக்கிறார்கள். ஜாமீன் விசாரணை உட்படக் கோர்ட்டு நடவடிக்கை எதுவானாலும் அவர்களுக்கு முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டும். பயமுறுத்தலிலிருந்து காப்பாற்ற வேண்டும். இவற்றோடு கூட, தொண்டு ஸ்தாபனங்கள், சமூக ஊழியர்கள், வக்கீல்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவர்களின் உரிமை என்று 15-ஏ பிரிவு சொல்லுகிறது. உரிமை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முன்னெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில், "நீ யார் ஐயா? உனக்கு இதில் என்ன சம்பந்தம்?" என்று கேட்டால் ஊழியர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். இப்பொழுது அவர் சட்டத்தின் பெயரால் உள்ளே வரலாம்.

சாட்சிகளின் பயணச் செலவு பற்றி 1995-ம் வருஷத்து விதிகளிலேயே ஏற்பாடு உண்டு. வீட்டிலிருந்து கோர்ட்டுக்குப் போய் வரும் செலவும், அன்றைக்கு இழந்த கூலியும், உடனேயோ மூன்று நாட்களுக்குள்ளாகவோ கொடுக்கப்பட வேண்டும். நாம் கண்ட மூதாட்டிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது, எந்த நமூனாவில் எழுதிக் கொடுப்பது? எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கினால் தீரக்கூடிய காரியம் இது. இந்த அரை மணி நேரம் கிடைக்காமல் எத்தனை வழக்குகள் செத்துப் போகின்றனவோ!

சுப்ரீம் கோர்ட்டும் சும்மா இருக்கவில்லை. 2018 மார்ச்சு 27-ம் தேதி ஒரு தீர்ப்பில், வயது வந்த இருவர் மணம் செய்துகொள்வதில் ஜாதிப் பஞ்சாயத்துக்கள் தலையிடக் கூடாது என்றும், அப்படிப்பட்ட தம்பதிகளுக்கு ஜில்லாதோறும் பாதுகாப்பு இல்லங்களும் விசேஷப் போலீஸ் பிரிவுகளும் வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தது யார்? சக்தி வாஹினி என்ற தொண்டு ஸ்தாபனம். 2010-ல் தொடுத்த வழக்கு அது. எட்டு வருஷம் காத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சாட்சிகளின் பாதுகாப்புத் திட்டத்துக்கும் சுப்ரீம் கோர்ட்டு சட்டத்தின் பலம் கொடுத்தது. காகிதத்தில் குறைவில்லை.

சங்ககிரிப் பக்கத்துக்கே இந்தத் துணை நிற்கும் வேலை புதிதன்று. 1925-ம் ஆண்டு பிப்ரவரி 6-ம் தேதி, திருச்செங்கோட்டுத் தாலூகா புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்தார். அவ்வூர் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் இடம் கொடுத்தார். பெயரைக் கவனியுங்கள், ஜாதியைச் சொல்லி ஒரு வட்டாரத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் அவரை மறந்துவிடக் கூடாது. ராட்டை, கதர், மதுவிலக்கு ஆகியவை ஆசிரமத்தின் வெளிப்படையான வேலைகள். எல்லா ஜாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டது அதைவிடக் கடினமான வேலை. அக்காலத்துச் சுற்றுக் கிராமங்களில் அது எப்படிப்பட்ட புயலைக் கிளப்பியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில்தான் திருச்சானூர் வழக்கு வந்தது. திருப்பதிக்கு அடுத்த அவ்வூர்க் கோயிலுக்குள் ஒரு 'பஞ்சம' பக்தர் போய்விட்டார். மதத்தை அவமதித்த குற்றம் என்று மாஜிஸ்திரேட்டு அபராதம் விதித்தார். ராஜாஜியோ ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் தொழிலை விட்டவர். வெள்ளைக்காரன் கோர்ட்டுப் படி ஏறுவதில்லை என்பது விரதம். ஆயினும் சித்தூரில் அப்பீல் விசாரணையின்போது அந்த ஏழைக்காக நேரில் போய் வாதாடினார். பக்தர் விடுதலையானார். விரத பங்கம் அல்லவா என்று கேட்டவர்கள் உண்டு. காந்திஜி அதைக் குறையாகக் கொள்ளவில்லை. கொள்கை பெரிதா, கூண்டில் நிற்கும் மனிதன் பெரிதா என்று வந்தபோது ராஜாஜிக்கு விடை தெரிந்திருந்தது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம், பிற்காலத்தில் பல ஸ்தாபனங்களுக்கு அந்த விடை மறந்து போனதுதான்.

மறுபுறத்தையும் சொல்லிவிட வேண்டும். புதுப்பாளையத்துக்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே தாழ்த்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டுவிட்டார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1891-ல் பறையர் மகாஜன சபையை ஏற்படுத்தினார். 1893-ல் 'பறையன்' என்ற பத்திரிகையையும் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே பத்திரிகைத் தலைப்பில் பொறித்துக்கொண்ட அந்த நெஞ்சுரம் லேசானதா? பொது வீதிகளும் கிணறுகளும் எல்லோருக்கும் பொது என்ற தீர்மானத்தை 1924-ல் சென்னைச் சட்டசபையில் அவர்தான் கொண்டு வந்தார். ஆகவே, மேலே இருந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டோம் என்று யாரும் மார் தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் நடந்துகொண்டிருந்த பாதையில் மற்றவர்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள், அவ்வளவே. 'ஹரிஜன்' என்ற பெயர் அன்பினால் இடப்பட்டதுதான். ஆயினும், எங்களுக்குப் பெயர் வைக்க நீங்கள் யார் என்று அவர்கள் கேட்டபோது நம்மில் பலருக்குப் பதில் அகப்படவில்லை.

இப்போதைய ஊழியர்களிடம் நாம் காணும் குறையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஓர் ஊரில் அக்கிரமம் நடந்தது என்றதும் காரில் வந்து இறங்குகிறார்கள். படம் எடுக்கிறார்கள். உண்மை அறியும் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் உண்மையை அறிந்துவிடுகிறார்கள்! மாலையில் பட்டணத்தில் அறிக்கை வெளியாகிறது. அறிக்கை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பல கொடுமைகள் அந்த ஊர்ப் புளியமரத்துக்கு அப்பால் தெரியாமலே போயிருக்கும். ஆனால் கார் கிளம்பிய பிறகு, பேட்டி கொடுத்தவன் அதே கடையில் அல்லவா அரிசி வாங்கவேண்டும்? அவன் பெயரையும் முகத்தையும் அச்சில் போட்டுவிட்டு, அவனைத் தனியே விட்டு வருவது எந்த வகைத் துணை? அவனைக் கேட்காமல் அவன் பெயரை வெளியிடுவதில்லை என்ற விரதத்தைப் பத்திரிகைக்காரர்களாகிய நாமும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு மாறாக, அமைதியாகச் செய்த ஒரு வேலைக்கு மதுரை ஜில்லா உத்தப்புரத்தை உதாரணமாகச் சொல்லலாம். அங்கே 1989-ம் வருஷத்துக் கலகத்துக்குப் பிறகு, தாழ்த்தப்பட்டவர்களின் தெருவை மறைத்து நீளமாக ஒரு சுவர் எழுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தச் சுவர் நின்றது. அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். சுவர் அவர்கள் கண்ணில் படவில்லையா, பட்டும் மனத்தில் படவில்லையா என்று தெரியாது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியின் ஊழியர்கள் நோட்டுப் புஸ்தகமும் பென்ஸிலுமாக ஊர் ஊராகப் போனார்கள். இந்த டீக்கடையில் எத்தனை வகைக் கிளாஸ், இந்தக் கோயிலுக்குள் யார் போகலாம், இந்தச் சுடுகாட்டுக்கு எந்தப் பாதை என்று கேட்டு எழுதினார்கள். அப்படி எழுதிய கணக்குகளின் நடுவேதான் உத்தப்புரத்துச் சுவர் நாட்டின் பார்வைக்கு வந்தது. பத்திரிகைகள் எழுதின, மார்க்சிஸ்டு கட்சித் தலைவர் வரப்போகிறார் என்று தெரிந்தது. 2008 மே 6-ம் தேதி சர்க்கார் யந்திரமே வந்து சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. பதினைந்து அடி வழிதான். ஆனால் அதன் வழியாகச் சிறுவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்.

"இதெல்லாம் கட்சிக்காரர்கள் வேலை, வக்கீல்கள் வேலை, காலையில் ஆபீஸுக்குப் போய் மாலையில் திரும்பும் நாம் என்ன செய்ய முடியும்?" என்று நேயர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எல்லோரும் சித்தூருக்குப் போய் வாதாட முடியாது. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்ற சட்டத்தை ஒருவருக்கு எடுத்துச் சொல்லலாம். வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பதை ஞாபகப்படுத்தலாம். பயணச் செலவுக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் பெரியவர்கள் வாய்தா நாளில் சாட்சியோடு கோர்ட்டுத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம்; காப்பியும் நாமே வாங்கிக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, நம் வீட்டு அடுக்களையிலிருந்து கேட்கும் அந்த முதல் குரலைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம்.

இன்னும் ஒன்று. ஜில்லாவுக்கு ஜில்லா கலெக்டர் தலைமையில் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்கவேண்டும் என்பது 1995-ம் வருஷத்து விதி. பார்லிமெண்டு, சட்டசபை அங்கத்தினர்களும் போலீஸ் சூப்பரிண்டெண்டெண்டும் அதில் உண்டு. தாழ்த்தப்பட்ட வகுப்பினரில் சர்க்கார் உத்தியோகஸ்தர் அல்லாத ஐந்து பேர் வரையில் இருக்கலாம். மற்ற ஜாதியாரிலிருந்து, தொண்டு ஸ்தாபனங்களோடு தொடர்புடைய மூன்று பேர் வரையில் சேர்க்கலாம். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூடி, நிவாரணம் கிடைத்ததா, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, சர்க்கார் வக்கீல் சரியாக நடத்துகிறாரா என்று பார்க்கவேண்டும். சேலம் ஜில்லாவுக்கு மூன்று நாற்காலிகள். நாமக்கல் தனி ஜில்லாவான பிறகு அதற்கும் மூன்று. அவற்றில் உட்காருகிறவர்கள் யார், கடைசியாக என்றைக்குக் கூடினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு நேயர்களில் யாரேனும் கலெக்டர் ஆபீஸ் வரை போய் வந்தால், அவர்கள் எழுதுவதை வெளியிட இப்பகுதியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.